கடைசியாகத் தொட்ட கை

பல்கலைக்கழக வாழ்க்கையில் இரண்டாம் ஆண்டை எட்டும்போது நம்மில் பலருக்குக் கார் தேவைப்படுகிறது. விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே வாடகை வீட்டில் தங்குபவர்கள், தொழிற்பயிற்சிக்காகப் பேருந்து செல்லாத இடங்களுக்குப் போகவேண்டியவர்கள், வாரக் கடைசியில் பகுதிநேர வேலை செய்பவர்கள் எனக் காரணங்கள் பல. புதிய கார் வாங்கும் வசதி நம் பெற்றோர் எல்லாருக்கும் இருப்பதில்லை. ஆகவே, பல ஆண்டுகள் ஓடிய கன்சில், வீரா, சாகா, மைவி போன்ற கார்களையே நாம் வாங்குகிறோம். இப்படி வாங்கிய கார் பழுதாகும்போதெல்லாம் நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் ஒன்றுதான்: "பழைய கார்தானே, அப்படித்தான் இருக்கும்."

இந்த ஆறுதல் எப்போதும் உண்மையன்று என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பழைய காரில் ஏற்படும் பழுதுகளில் பல, அதன் வயதால் வருபவை அல்ல. நமக்கு முன்னால் அதைப் பழுது பார்த்த யாரோ ஒருவரின் அவசரத்தாலும் அலட்சியத்தாலும் வருபவை. காரின் வயதை நம்மால் குறைக்க முடியாது. ஆனால், முந்தைய கை விட்டுச் சென்ற குறைகளை அடையாளம் காணவும் சரிசெய்யவும் முடியும். அதற்கு இயந்திரப் பொறியியல் மாணவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. நான் அத்துறையில்தான் பயில்கிறேன். என்றாலும் இங்கே சொல்லப்போகும் பலவற்றை விரிவுரை மண்டபத்தில் கற்கவில்லை. எங்கள் வீட்டுக் காரிடமும், எங்கள் தாமானில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடமுமே கற்றேன்.

ஒரு சாகாவின் கதை

லாரி ஓட்டுநரான என் தந்தை, தம் சேமிப்பிலிருந்து 9,000 ரிங்கிட் கொடுத்து 2009இல் பதிவு செய்யப்பட்ட புரோட்டோன் சாகா ஒன்றை எனக்காக வாங்கினார். உரிமை மாற்றத்திற்கான பரிசோதனையில் அது தேர்ச்சி பெற்ற கார்தான். ஆனால், அப்பரிசோதனை காரின் அடையாள எண்களையும் அடிப்படைப் பாதுகாப்பையும் பார்ப்பதற்கானது. எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கானது அன்று.

முதல் இரண்டு வாரங்களிலேயே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கார் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடித்தது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்கு ஆன பெட்ரோல் செலவு, அதே வகைக் காரை வைத்திருக்கும் என் நண்பனுக்கு ஆவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. முதலில் பார்த்த பட்டறையில் பிளக்கை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். பிறகு ஆக்சிஜன் சென்சரை மாற்றச் சொன்னார்கள். அதன் விலையைக் கேட்டதும் அப்பா காரை வீட்டுக்குத் திருப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் பட்டறை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எந்தக் கருவியையும் எடுத்து வரவில்லை. இரவு முழுவதும் நின்றிருந்த காரை முடுக்கச் சொன்னார். ரேடியேட்டரின் மேற்குழாயின் மீது கையை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார்.

"தம்பி, கைய வச்சுப் பாரு" என்றார். குழாய் அதற்குள் வெதுவெதுப்பாகியிருந்தது.

"சூடாகத்தானே செய்யும் அண்ணே?"

"இவ்வளவு சீக்கிரம் ஆகக் கூடாது. உள்ள தெர்மோஸ்டாட் இல்ல. யாரோ கழட்டிப் போட்டுட்டான்."

மூடியைக் கழற்றிப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

இதன் பொருளைச் சற்று விளக்க விரும்புகிறேன். தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு வைத்த ஒரு சிறிய அடைப்பிதழ். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். எனவே குளிர்விக்கும் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவந்து விரைவில் சூடாகும். வெப்பம் ஏறத்தாழ 80 பாகை செல்சியசைத் தாண்டியதும் மெழுகு உருகி விரிந்து அடைப்பிதழைத் திறக்கும். அதன் பிறகே நீர் ரேடியேட்டருக்குப் பாயும். அதை எடுத்துவிட்டால் நீர் எப்போதும் ரேடியேட்டருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எஞ்சின், குறிப்பாக நெடுஞ்சாலைக் காற்றில், உரிய வெப்பத்தை எட்டாது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியோ, "எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது" என்று கருதிக் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எங்கள் காரின் தாகத்திற்குக் காரணம் இதுதான்.

கதை இதோடு முடியவில்லை. புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்தியதும் கார் நெரிசலில் கொதிக்கத் தொடங்கியது. ரேடியேட்டரைக் கழற்றினால் அதன் குழாய்களில் பாதி துருவால் அடைபட்டிருந்தது. முன்னர் யாரோ ஆண்டுக்கணக்கில் கூலண்ட் ஊற்றாமல் வெறும் குழாய் நீரையே ஊற்றியிருக்கிறார்கள். அதனால் ரேடியேட்டர் அடைத்து, எஞ்சின் கொதித்திருக்கிறது. ரேடியேட்டரை மாற்றச் செலவாகும் என்பதால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப்போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கொதிப்பு நின்றது, ஆனால் நோய் அப்படியே இருந்தது. ஒரு குறையை மறைக்க இன்னொரு குறையை உண்டாக்கி, அதன் செலவை அடுத்து வாங்குபவரின் தலையில் கட்டிவிட்டார்கள். நம் நாட்டில் பழைய கார்களில் இந்தக் காட்சி மிகச் சாதாரணம். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கேட்கும் போமன்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வயதா, கவனக்குறைவா?

இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? என் அனுபவத்தில் மூன்று அடையாளங்களைச் சொல்லலாம்.

முதலாவது, வேகம். வயதால் வரும் தேய்மானம் மெதுவாக வரும். நேற்றுவரை நன்றாக இருந்து, சர்வீஸ் செய்த மறுவாரமே தொடங்கும் சத்தமோ கசிவோ அதிர்வோ பெரும்பாலும் வயதால் வந்ததன்று.

இரண்டாவது, சமச்சீர். காரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே தேயும். இடப்பக்க பிரேக் அட்டை புதிதுபோல் இருக்க, வலப்பக்க அட்டை இரும்புவரை தேய்ந்திருந்தால், அந்தப் பக்கத்துக் காலிப்பரின் நகர்முள் இறுகிக்கிடக்கிறது என்று ஐயுறலாம். அட்டையை மாற்றியவர் முள்ளைத் துடைத்துப் பசை பூசாமல் விட்டிருக்கக்கூடும்.

மூன்றாவது, தடயங்கள். எஞ்சின் மூடியைத் திறந்து பகல் வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் பாருங்கள். முனை மழுங்கிய நட்டுகள், ஒரே வரிசையில் வெவ்வேறு அளவுள்ள திருகாணிகள், உடைந்த கொக்கிகளுக்குப் பதிலாகக் கட்டிய கேபிள் பட்டைகள், கறுப்பு டேப் சுற்றிய ஒயர்கள், இணைப்புகளில் பிதுங்கி வழியும் சிலிக்கான் பசை ஆகியவை முந்தைய கையின் கையெழுத்துகள். இவற்றுள் சிலிக்கான் பசையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. வெளியே வழிந்த அளவுக்கு உள்ளேயும் வழிந்திருக்கும். அது துண்டாக உடைந்து விழுந்தால், எண்ணெயை உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

அடிக்கடி காணும் குறைகள்

1. எண்ணெய் வடியும் திருகாணி

கறுப்பு எண்ணெய் மாற்றுவதுதான் எல்லா சர்வீஸ்களிலும் எளிமையானது. அதனாலேயே பட்டறைக்குப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் அதை ஒப்படைப்பார்கள். எண்ணெய்த் தொட்டியின் அடியில் உள்ள திருகாணிக்குப் பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே போதும். கசியக்கூடாது என்ற எண்ணத்தில் முழு பலத்தையும் போட்டு இறுக்கினால் அதன் மரை தேய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டிய வளையத்தை மாற்றாமல் விடுவது இன்னொரு குறை. அவ்வளையத்தின் விலை ஓரிரு ரிங்கிட்தான். அது தேய்ந்திருப்பதால் கசியும். கசிவதால் இன்னும் இறுக்குவார்கள். இறுக்குவதால் மரை போகும். அப்படிப் போன மரைக்கு உட்சுருள் வைத்தோ, சற்றுப் பெரிய திருகாணி போட்டோ சரிசெய்யலாம். முடியாவிட்டால் தொட்டியையே மாற்றவேண்டிவரும்.

எண்ணெய் வடிகட்டியிலும் ஓர் ஆபத்து உண்டு. பழைய வடிகட்டியைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சிலசமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பொருத்தினால், இரண்டு வளையங்களுக்கு இடையில் எண்ணெய் அழுத்தத்தோடு பீறிடும். சில நிமிடங்களில் எஞ்சின் எண்ணெயின்றி இறுகிப்போகலாம். ஆகவே, சர்வீஸ் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு அடியில் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

எண்ணெய் குறைவது மட்டுமன்று, கூடுவதும் கேடுதான். கடைகளில் எண்ணெய் பெரும்பாலும் 4 லிட்டர் கலனில் வருகிறது. சிறிய எஞ்சின்கள் பலவற்றுக்கு 4 லிட்டர் தேவைப்படுவதில்லை. மீதி எதற்கு என்று முழுக் கலனையும் கவிழ்த்துவிட்டால், சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த எண்ணெய் உயவிடாது. சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து அளவுகோலைப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு இடையில் நிற்கவேண்டும்.

2. சக்கர நட்டுகள்

சிறிய கார்களின் சக்கர நட்டுகளுக்குத் தேவையான முறுக்குவிசை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளமுள்ள சாவியின் முனையில் ஏறத்தாழ 20 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் கொடுத்தால் இது கிடைத்துவிடும். ஆனால், டயர்க் கடைகளில் காற்றழுத்தத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று இறுக்கிவிடுவார்கள். அதன் விசை சில நூறு நியூட்டன் மீட்டரைத் தாண்டக்கூடும்.

இதனால் என்ன கெடுதல் என்பதை என் குடும்பம் ஓர் இரவில் உணர்ந்தது. என் அம்மாவும் தங்கையும் உடன்வர நான் ஈப்போவுக்குச் சென்றுகொண்டிருந்தேன். சுங்கைக்கும் பீடோருக்கும் இடையில், நெடுஞ்சாலையில் டயர் வெடித்தது. காரில் நல்ல மாற்று டயர் இருந்தது. ஜாக்கும் சாவியும் இருந்தன. ஆனால், நான்கு நட்டுகளில் இரண்டை என் முழு எடையோடு சாவியின்மேல் ஏறி நின்றும் அசைக்க முடியவில்லை. காரை விற்றவர், "நாலு டயரும் புதுசு" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்தப் புதிய டயர்களைப் பொருத்தியபோதுதான் நட்டுகள் அப்படி இறுக்கப்பட்டிருந்தன. அவசரத் தடத்தில் லாரிகள் உரசுவதுபோல் கடந்து செல்ல, அம்மாவையும் தங்கையையும் தடுப்புக்கு அப்பால் புல்வெளியில் நிற்க வைத்துவிட்டு, நெடுஞ்சாலை ரோந்துப் பணியாளர்கள் வரும்வரை முக்கால் மணிநேரம் காத்திருந்தோம். அவர்கள் நீண்ட இரும்புக் குழாயைச் சாவியில் செருகிக் கழற்றினார்கள். ஒரு நட்டோடு அதன் மரையாணியும் முறிந்து வந்தது.

அவசரத் தடத்தில் நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பது நம் நாட்டுச் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். டயர்க் கடையில் இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்திய ஒருவருக்கு, அதன் விலையை யார் எங்கே கொடுப்பார் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும், "கையால் இறுக்குங்கள், டார்க் ரெஞ்ச் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்" என்று கேட்பது நம் உரிமை. எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கவேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்க்கவேண்டும்.

3. தீப்பொறி பிளக்

எஞ்சினின் தலைப்பகுதி பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. பிளக்கின் மரை எஃகு. இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். பிளக்கை எஞ்சின் குளிர்ந்த நிலையில், முதல் சில சுற்றுகளைக் கையாலேயே சுற்றவேண்டும். தொடக்கத்திலேயே சாவியை வைத்து முறுக்குபவர் மரையைக் குறுக்காக வெட்டிவிடுவார். அடுத்தமுறை கழற்றும்போதுதான் அது தெரியவரும். அப்போது குற்றவாளியாகத் தோன்றுபவர் அடுத்த போமன். உண்மையில் அவர் நிரபராதி.

4. பிரேக் எண்ணெய்

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசிலும், ஈரம் ஏறிய நிலையில் குறைந்தது 140 பாகையிலும் கொதிக்கவேண்டும் என்பது தரவிதி. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 ஆகும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை எவ்வளவு இறங்குகிறது என்பதை இதிலிருந்தே அறியலாம். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைந்த சாலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகும். எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை இறங்கும், கார் நிற்காது. இதை ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பல பட்டறைகளில் அளவு குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புவதோடு சரி. அளவு குறைவதற்கு அட்டை தேய்ந்ததோ எங்காவது கசிவதோ காரணமாக இருக்கலாம். மேலே ஊற்றுவது அந்த எச்சரிக்கையை அழிப்பதற்குச் சமம்.

5. பதிவில்லாத பெல்ட்

சாகாவின் கேம்புரோ எஞ்சின்போல் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில் அந்தப் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பது மிக முக்கியம். ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பழைய காராக இருந்தால் அதன் மதிப்பில் பெரும்பகுதி அந்த ஒரு நொடியில் போய்விடும். நல்ல போமன் பெல்ட் மாற்றியதும் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி எஞ்சின் மூடியருகே ஒட்டிவைப்பார். அத்தகைய பதிவு இல்லையென்றால், "மாத்தியாச்சு" என்ற வாய்ச்சொல்லை நம்பாமல் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

முதல் மாதத்தில் செய்யவேண்டியவை

பழைய கார் கைக்கு வந்ததும், "இதுவரை நடந்த எதையும் நான் அறியேன்" என்ற நிலையிலிருந்து தொடங்குங்கள். கறுப்பு எண்ணெய், வடிகட்டி, கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், கூலண்ட் அனைத்தையும் கையேட்டில் சொன்ன வகையில் மாற்றுங்கள். வெவ்வேறு வகைக் கூலண்டுகளைக் கலக்காதீர்கள். சில வகைகள் கலந்தால் கூழாகிக் குழாய்களை அடைக்கும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.

நான்கு சக்கர நட்டுகளையும் தளர்த்தி, சரியான அளவில் மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். எஞ்சினின் அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கசிவு எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். பழுது ஏதும் இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. பணமும் மூன்று மடங்கு.

இவற்றோடு ஒரு சிறு குறிப்பேடு தேவை. தேதி, கிலோமீட்டர், என்ன செய்தது, யார் செய்தது, எவ்வளவு செலவு என்பதை எழுதி வையுங்கள். எங்கள் சாகாவின் குறிப்பேட்டில் இதுவரை 14 பதிவுகள் உள்ளன. அவற்றுள் தேய்மானத்தால் வந்தவை ஐந்து மட்டுமே. எஞ்சிய ஒன்பதும் எங்களுக்கு முந்தைய கைகளின் வேலையைத் திருத்தியவை.

பட்டறையில் பேசும் முறை

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாப் போமன்களையும் ஏமாற்றுக்காரர்களாக எண்ணிவிடக் கூடாது. வெப்பத்திலும் புழுதியிலும் நாளெல்லாம் குனிந்து நிற்கும் கடினமான தொழில் அது. நாளைக்கு 15 கார்களை அனுப்பினால்தான் வாடகை கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது எளிதன்று. மேலும், "சீக்கிரம், மலிவா" என்று நெருக்குபவர்களும் நாமே. எங்கள் சாகாவின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னது பட்டறைக்காரரா, ரேடியேட்டருக்குப் பணம் தர மறுத்த முன்னாள் உரிமையாளரா என்பதை யார் அறிவார்?

ஆகவே, குற்றம் சாட்டும் குரலில் அல்லாமல் கேள்வி கேட்கும் குரலில் பேசுங்கள். "இது ஏன் கெட்டது அண்ணே?" என்று கேளுங்கள். எதை மாற்றவேண்டும் என்று மட்டும் சொல்பவரைவிட ஏன் கெட்டது என்று சொல்பவர் நம்பத்தக்கவர். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி வேலை தொடங்குமுன்பே கேளுங்கள். மறைக்க எதுவும் இல்லாதவர் மகிழ்ச்சியோடு தருவார். புதிதாக ஒரு பழுது தோன்றினால், முதல் கேள்வியாக, "கடைசியாக இந்தக் காரில் எதைத் தொட்டார்கள்?" என்று கேளுங்கள். பாதிச் சிக்கல்களுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மொழியைப் பற்றியும் இங்கு ஒன்று சொல்லவேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த எனக்கு எஞ்சின் பாகங்களின் பெயர்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் தெரியும். 'மரை' என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது பட்டறை அண்ணனிடம்தான். அவர் தோட்டத்து ரப்பர் ஆலையில் பணியாற்றிய தம் தந்தையிடம் கேட்டது அது. "மரை போச்சு" என்ற இரண்டே சொற்களில் அவர் விளக்கிவிடுவதை நான் ஒரு பத்தியில் எழுதவேண்டியுள்ளது. பொறியியல் பயிலும் நாம், தமிழைப் பாடநூலில் மட்டும் தேடாமல் இத்தகைய தொழிலாளர்களின் நாவிலும் தேடவேண்டும்.

முடிவாக

நண்பர்களே, நாம் ஓட்டும் பழைய காரும் ஒருநாள் இன்னொருவர் கைக்குப் போகும். பெரும்பாலும் அவரும் நம்மைப் போன்ற ஒரு மாணவராகவோ, சேமிப்பைத் திரட்டிப் பிள்ளைக்கு வாங்கித் தரும் ஒரு தந்தையாகவோ இருப்பார். அவருக்கு முன்னால் அந்தக் காரைத் தொட்ட கை நம்முடையதாக இருக்கும். ஒரு ரிங்கிட் வளையத்தை மாற்றியது, நட்டை அளவோடு இறுக்கியது, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியது ஆகியவை யாரும் பாராட்டாத வேலைகள். ஆனால், நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு குடும்பம் நிற்கவேண்டிய நிலை வராமல் தடுப்பவை அவையே. முந்தையவர் நமக்குச் செய்யத் தவறியதை அடுத்தவருக்கு நாம் செய்துவைப்போம்.